ஐயமும் அச்சமும்: உருமாறும் வேற்றுலகத் தலைவனும் தமிழ் அக மரபும்

ஆய்வுச் சுருக்கம்

எதிர்கால உலகில் நிகழ்வதாகப் புனையப்படும் ஆங்கிலக் காதல் புதினங்களில், உருமாறும் ஆற்றல் கொண்ட வேற்றினத் தலைவன் நிலைபெற்ற பாத்திரமாகிவிட்டான். உருமாறிப் பெண்ணை நாடும் தலைவர்கள் தமிழ் இலக்கியத்திலும் பலர் உள்ளனர். ஆயினும், இத்தகைய காதல் புதினம் தமிழில் தனி வகையாக வேரூன்றவில்லை. தொல்காப்பியக் களவியல் கூறும் ‘ஐயம்’ என்னும் கருத்தை அளவுகோலாகக் கொண்டு இவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஐயுறும் உரிமை பெண்ணுக்கு எப்போது வழங்கப்படுகிறது, அதன் விளைவு என்ன என்பதே இருமரபுகளையும் பிரிக்கும் எல்லை என்பது இதன் முடிபு.

முக்கியச் சொற்கள்: ஐயம், அச்சம், உருமாற்றம், அகத்திணை, காதல் புதினம், அறிவியல் புனைவு

முன்னுரை

வெகுசன வாசிப்பு பற்றிய தமிழ் ஆய்வுகள் துப்பறியும் கதைக்கும் குடும்பக் கதைக்கும் ஓரளவு இடம் அளித்துள்ளன. காதல் புதினம், அதிலும் உடல் வேட்கையை வெளிப்படையாகப் பேசும் காதல் புதினம், அந்த இடத்தைப் பெறவில்லை. அம்பத்தூர், ஆவடி, சேக்காடு எனத் தொழிற்சாலைகளையும் மின்சார ரயிலையும் சார்ந்து வளர்ந்த சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில், மாத நாவல் ஒரு தலைமுறையின் பயணத் துணையாக இருந்தது. இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துள்ளது. அதன் வழியே தமிழ்த் தொடர்கதையும் ஆங்கில மின்னூலும் ஒரே வாசகரைச் சென்றடைகின்றன. வேற்றுக்கிரகத் தலைவன் சிறுத்தையாகவோ டிராகனாகவோ உருமாறும் கதையைப் படிப்பவர், அகலிகை கதையையும் வள்ளி திருமணத்தையும் கேட்டு வளர்ந்தவராகவும் இருக்கக்கூடும். ஆகவே இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்குவது தேவையாகிறது.

ஐயம் யாருக்கு உரியது?

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் களவியல், காட்சிக்குப் பின் ஐயத்தை வைக்கிறது. தலைவியைக் கண்ட தலைவன், இவள் தெய்வமகளோ மானிட மகளோ என மயங்குகிறான். மொய்க்கும் வண்டு, அணிந்த அணி, சூடிய பூ, இமைக்கும் கண், தோன்றும் அச்சம் போன்ற குறிகளால் அவள் மானிடப் பெண்ணே எனத் தெளிகிறான். மனிதர் அல்லாத உயிரின் மீது காதல் கொள்ளக்கூடும் என்னும் வாய்ப்பை இந்நூற்பாக்கள் ஒரு கணம் திறந்து, உடனே மூடிவிடுகின்றன. தெளிவு பிறந்த பின்னரே காதல் வளர இடம் உண்டு.

இந்த ஐயம் தலைவனுக்கே உரியது என்பது மரபு. தலைவிக்கு ஐயம் ஏன் இல்லை என்னும் வினாவை உரை மரபே எழுப்பிக்கொண்டுள்ளது. எதிரே நிற்பவன் மானிடனோ தெய்வமோ எனப் பெண் ஐயுற்றால் அவள் உள்ளத்தில் அச்சமே மேலெழும். அச்சம் எழுந்த இடத்தில் காமக் குறிப்பு நிகழாது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். பெண்ணின் ஐயத்துக்கும் வேட்கைக்கும் இடையே அச்சம் ஒரு சுவராக நிற்கிறது என்பதே இதன் உட்பொருள். உருமாறும் தலைவனைக் கொண்ட காதல் புதினம் தன் கதையைத் தொடங்குவது சரியாக இந்தச் சுவரின் அருகிலேதான்.

கண்டறிந்தவளும் கல்லானவளும்

இலக்கணம் பெண்ணுக்கு மறுத்த ஐயத்தைக் காப்பியங்களும் புராணங்களும் அவளுக்கு அளித்தே உள்ளன. நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் நளன் உருவில் அமர்கின்றனர். கண் இமைத்தல், அடி நிலத்தில் தோய்தல், மாலை வாடுதல் ஆகிய குறிகளால் தமயந்தி உண்மையான நளனைக் கண்டறிகிறாள். களவியல் தலைவனுக்குக் கொடுத்த கருவிகளை ஒத்தவையே இவை. அவற்றைப் பெண் கையாளும் அரிய இடம் இது. அவளது ஐயம் அச்சமாகத் திரியவில்லை, அறிவாகச் செயல்படுகிறது. ஆனால் அவ்வறிவின் பயன், தேவரை விலக்கி மானிடனைத் தேர்வதாகவே அமைகிறது. வேற்றுலகத்தவன் தோற்பதே அக்கதையின் அறம்.

அகலிகை கதை இதற்கு நேர் எதிரானது. கம்பராமாயணப் பாலகாண்டத்தில் கௌதமன் உருவில் வந்தவன் இந்திரன் என்பதை அகலிகை கூட்டத்தின் நடுவே உணர்கிறாள். உணர்ந்த பின்னும் விலகவில்லை என்று கம்பர் குறிக்கிறார். ஆனால் அவளைக் கணவனிடம் ஒப்படைக்கும்போது, அவள் நெஞ்சத்தால் பிழை செய்யாதவள் என்று முனிவர் கூற்றாக அதே காப்பியம் பேசுகிறது. ‘அவள் அறிந்தாளா?’ என்னும் வினாவைக் காப்பியம் இருமுறை எழுப்பி இருவேறு விடைகளைத் தருகிறது. உருமாறியவன் ஆணாயினும் விசாரணைக்கு உள்ளாவது பெண்ணின் அறிவே. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டும் திருப்பரங்குன்ற ஓவியத்திலும் இந்திரன் பூனையாகித் தப்புகிறான். அகலிகை கல்லாகி நிற்கிறாள். அவனுக்கு உருமாற்றம் தப்பும் வழி. அவளுக்கு அது தண்டனை.

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ இவ்வினாவின் கொடுமையை முற்றாக உணர்ந்த படைப்பு. சாபம் நீங்கிய அகலிகைக்கு எல்லா ஆண்களும் இந்திரனாகவே தோன்றுகின்றனர். இறுதியில் அன்போடு நெருங்கும் கௌதமனும் அவ்வுருவில் வந்த இந்திரனாகவே அவளுக்குப் படுகிறான்; அவள் மீண்டும் கல்லாகிறாள். ஒருமுறை ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு ஐயம் தீரா நோயாகிவிடுவதை இக்கதை காட்டுகிறது. ஐயம் அச்சத்தில் முடியும் என்ற உரை மரபின் கூற்று இங்கே உண்மையாகிறது. ஆனால் அதற்குக் காரணம் பெண்ணின் இயல்பு அன்று. அவளுக்கு இழைக்கப்பட்ட வஞ்சனை.

மணிமேகலையில் உருமாறுபவள் பெண். காயசண்டிகை வடிவில் இருக்கும் மணிமேகலையைத் தன் மனைவி எனக் கருதும் விஞ்சையன் காஞ்சனன், அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். ஆணின் ஐயம் வாளாகிறது; பெண்ணின் ஐயம் கல்லாகிறது.

வள்ளியின் வினா

கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வரும் வள்ளியம்மை திருமணப் படலம், உருமாறும் தலைவனின் காதல் முயற்சியைத் தமிழில் மிக விரிவாகக் கூறும் பகுதிகளுள் ஒன்று. முருகன் வேடனாக வருகிறான், வேடர் வரும்போது வேங்கை மரமாகிறான், பின்னர் முதியவனாகிறான். முதியவனின் வேட்கையை வள்ளி மறுத்துச் செல்கிறாள். அண்ணனாகிய விநாயகன் யானை வடிவில் எதிர்ப்பட, அஞ்சி அம்முதியவனையே அடைக்கலம் புகுகிறாள். அதன் பின்னரே ஆறுமுகத் திருவுருவம் வெளிப்படுகிறது.

அவ்வுருவைக் கண்ட வள்ளி, இதனை முன்னமே காட்டாமல் இத்தனை பொழுதையும் வீணாக்கினீரே என்னும் பொருள்பட வினவுகிறாள். பத்தி நோக்கில் இது ஆன்மாவின் ஏக்கம்; பக்குவம் வரும்வரை இறைவன் தன்னை மறைத்து ஆட்கொள்கிறான் என்று விளக்கம் கூறலாம். காதல் கதை என்ற நோக்கில் பார்த்தால், தமிழ் மரபுக்குள்ளிருந்தே எழும் கூர்மையான திறனாய்வு இது. மெய்யுருவைக் காட்டிய பின் இசைவைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே வள்ளியின் வாதம். மெய்யுருவம் தனக்கு அச்சம் தந்திருக்காது என்பதையும் அவ்வினா உணர்த்துகிறது. அச்சம் தந்தது யானை. அதாவது, இசைவைப் பெறக் கையாளப்பட்ட சூழ்ச்சி.

எதிர்காலக் காதல் புதினத்தின் விடை

பிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த இந்திய வம்சாவளி எழுத்தாளரான நளினி சிங், 2006இல் ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ புதினத்துடன் ‘சை–சேஞ்ச்லிங்’ வரிசையைத் தொடங்கினார். கதை 2079இல் நிகழ்கிறது. உணர்ச்சியை முற்றும் அடக்கப் பயிற்றப்பட்ட மனவலிமை இனத்தைச் சேர்ந்தவள் சாஷா. சிறுத்தையாக உருமாறும் இனத்தின் தலைவன் லூக்கஸ். அவன் யார் என்பது முதல் சந்திப்பிலேயே அவளுக்குத் தெரியும். மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவள் அவளே. உணர்ச்சி உடையவள் என்பது வெளிப்பட்டால் அவள் இனமே அவளை அழித்துவிடும். லூக்கஸ் வேற்றுக்கிரகத்தவன் அல்லன். ஆயினும் இவ்வகையின் இலக்கணம் இப்புதினத்தில் தெளிவாகவே புலப்படுகிறது. சூசன் கியர்னியின் ‘பென்டிராகன்’ வரிசை (2009–2010) டிராகனாக உருமாறும் வேற்றுக்கிரக மாந்தரைப் படைத்து, அவ்விலக்கணத்தை விண்வெளிக்கு எடுத்துச் செல்கிறது.

இப்புதினங்களின் அடிப்படை விதி, தலைவனின் இரண்டாம் உருவைத் தலைவி அறிந்த பின்னரே கூட்டம் முழுமை பெறும் என்பது. வள்ளி கேட்டது இங்கே கதையின் சட்டமாகிவிடுகிறது. அச்சத்துக்கு இடம் உண்டு. ஆனால் அது வேட்கையை அழிப்பதில்லை. அறிந்து, அஞ்சி, ஆராய்ந்து, பின் ஏற்கும் நீண்ட செயலாகக் கூட்டம் விரிகிறது. உடல் வேட்கை வெளிப்படையாக எழுதப்படுவதற்கும் கதைக்குள் ஒரு பயன் உண்டு: தலைவனின் உடல் எவ்வாறு மாறும், எங்கே நிற்கும் என்பதைத் தலைவி அறிந்துகொள்ளும் களமாக அக்காட்சிகள் அமைகின்றன. ‘அவள் அறிந்தாளா?’ என்ற குற்ற விசாரணை, ‘அறிந்தவள் ஏற்கிறாளா?’ என்ற தேர்வாக மாறுகிறது.

எனினும் இவ்விடை குறையற்றது அன்று. உருமாறும் தலைவனின் உடலே தனக்குரிய துணையை அறிந்துவிடும் என்னும் ‘விதிக்கப்பட்ட இணை’ உத்தி இவ்வகையில் மிகப் பரவலானது. ஒருவனையும் ஒருத்தியையும் பால் என்னும் ஊழே கூட்டுவிக்கிறது என்ற களவியல் கருத்துக்கு இது வியக்கத்தக்க அளவில் நெருக்கமானது. தலைவி எவ்வளவு ஐயுற்றாலும் முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. 1984இல் வெளிவந்த ஜானிஸ் ராட்வேயின் ஆய்வு, காதல் புதின வாசகியர் தலைவனின் கடுமையை ஒளிந்திருக்கும் மென்மையாகப் பொருள்கொள்வதை எடுத்துக்காட்டியது. உருமாற்றம் அவ்வாசிப்பைக் கதைக்குள்ளேயே நிகழ்த்திக் காட்டுகிறது: விலங்கின் கடுமைக்குள் மனிதனின் மென்மை. இது ஆறுதல் தரும் புனைவு. சிலபோது கடுமையை மன்னிக்கப் பழக்கும் புனைவும் ஆகும்.

தமிழ் அறிவியல் புனைவின் தயக்கம்

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, எதிர்கால இந்தியாவையும் மனிதர் அல்லாத துணையையும் வெகுசன வாசகருக்கு நெருக்கமாக்கியது. ஆனால் நிலாவின் துணையாக அமைவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அதன் அறிவும் பரிவும் வாசகரைக் கவர்கின்றன. வேட்கைக்கு அங்கு இடமில்லை. மனிதர் அல்லாத உயிருடன் பெண் கொள்ளும் நெருக்கம், செல்லப் பிராணியின் வடிவில் பாதுகாப்பாக ஒதுக்கப்படுகிறது.

திரைப்படம் அந்த வேட்கையைக் காட்டியது, உடனே தண்டித்தது. துரை இயக்கிய ‘நீயா?’ (1979) படத்தில் உருமாறும் நாக இணையில் ஆண் கொல்லப்பட, பெண் பழிவாங்கப் புறப்படுகிறாள். ‘எந்திரன்’ (2010) படத்தில் வசீகரனின் உருவில் படைக்கப்பட்ட சிட்டி சனாவை விரும்புகிறது, அவள் மறுக்கிறாள், பிற்பகுதியில் அவளைக் கவர்ந்து செல்கிறது, இறுதியில் தன்னைத்தானே பிரித்துக்கொள்கிறது. ஒரே உருவில் இருவர் என்னும் அகலிகைச் சூழல் இங்கு மீண்டும் அமைகிறது. ஆயினும் இயந்திரங்களுக்கிடையே ஒளிந்துள்ள மனிதனை ஐயுற்றுத் தேடுபவன் சிட்டி, சனா அல்லள். தமயந்தி கையாண்ட கண்டறியும் உரிமை பெண்ணிடமிருந்து மீண்டும் நழுவிவிடுகிறது.

ரமணிசந்திரன் முதலானோர் வளர்த்த தமிழ்க் காதல் புதினத்தில் தலைவன் உருமாறுவதில்லை; மனம் மாறுகிறான். தலைவியின் குணத்தைத் தவறாக மதிப்பிடும் தலைவன் இறுதியில் தெளிவது அங்குப் பரவலான கதையமைப்பு. ஐயம் மீண்டும் ஆணுக்கு. தெளிவுக்காகக் காத்திருப்பது பெண்ணுக்கு.

முடிவுரை

உருமாறும் தலைவன் தமிழுக்கு அயலானவன் அல்லன். அவனை ஐயுற்று, அறிந்து, அதன் பின்னும் விரும்பும் தலைவியே இங்கு அரிதானவள். தமயந்தி அறிந்தாள்; வேற்றுலகத்தவரை விலக்கினாள். அகலிகை அறிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாள். வள்ளி, அறிந்துகொள்ளும் வாய்ப்பு முன்னரே தரப்படாததை வினவினாள். ஆங்கில எதிர்காலக் காதல் புதினம் அவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது. விதிக்கப்பட்ட இணை என்னும் உத்தியால் அவ்விடையைத் தானே பலவீனப்படுத்தவும் செய்கிறது.

இவ்வகைப் புதினங்களை இரவல் கற்பனை என ஒதுக்கும் ஆய்வு, களவியல் உரை மரபு எழுப்பி முடித்துவைத்த ஒரு வினா இன்றைய வாசிப்பில் மீண்டும் திறக்கப்படுவதைக் காணத் தவறிவிடும். பெண்ணின் ஐயம் அச்சத்தில்தான் முடிய வேண்டுமா என்பதே அவ்வினா. தமிழில் இவ்வகை எழுதப்படும்போது, அதன் தகுதி தலைவன் எத்தனை உருவம் எடுக்கிறான் என்பதைப் பொறுத்து அமையாது. மெய்யுருவைக் கண்ட தலைவி ‘வேண்டாம்’ என்று சொல்லவும் கதை இடம் தருகிறதா என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.