ஒற்றர் கதையில் ஒரு விருந்தாளி

ஒற்றர் சாகசக் கதைகளைப் பற்றி நம்மிடையே நல்லபிப்பிராயம் இருந்ததில்லை. இருக்க வேண்டிய அவசியமுமில்லை. கெடுபிடி யுத்த காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி இவ்வகைக் கதைகளை வாரந்தோறும் உற்பத்தி செய்து தள்ளியது. ஆசிய நகரங்கள் அவற்றிற்கு வெறும் பின்திரை. அங்கு வாழும் மக்கள் அத்திரையில் தீட்டிய உருவங்கள்.

1965 முதல் 1968 வரை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய ‘ஐ ஸ்பை’ தொடரும் இக்குலத்தைச் சேர்ந்ததே. டென்னிஸ் ஆட்டக்காரராகவும் அவருடைய பயிற்சியாளராகவும் வேடம்பூண்டு உலகைச் சுற்றும் இரு அமெரிக்க ஒற்றர்களின் கதை அது. அவர்களில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பதற்காகவே தென் மாநிலங்களின் சில நிலையங்கள் அதனை ஒளிபரப்ப மறுத்தன. அப்பாத்திரத்தை ஏற்ற பில் கொஸ்பி மீது 2018இல் பாலியல் வன்முறைக் குற்றத்துக்கான தீர்ப்பு வழங்கப்பட்டது. 2021இல் மேல் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. இதையெல்லாம் அறிந்தோர் இன்று அத்தொடரை நெருடலின்றிப் பார்த்தல் இயலாது.

ஆயினும், 1965 ஒக்டோபரில் வெளிவந்த ‘தோற்றவர்’ என்னும் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மற்றைய நாயகரான ரொபேட் கல்ப் தாமே எழுதியது அது. களம் ஹொங்கொங். ஹெரோயின் கடத்தும் கூட்டம், அதனிடம் அகப்படும் ஒற்றன், தப்பும் முயற்சி என்று சரக்கு யாவும் பழையதே. ஆனால் ஏஞ்சல் என்னும் இரவு விடுதிப் பாடகியாக ஏர்த்தா கிட் வருகிறார். வந்ததும் கதையின் நிறை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

அவர் தென் கரோலினாவின் பருத்தி வயல்களிடையே 1927இல் பிறந்தவர். வறுமையிலிருந்து கதரின் டனமின் நடனக் குழுவுக்கும், அங்கிருந்து ஐரோப்பிய மேடைகளுக்கும் சென்றவர். செல்வச் சீமான்களைச் சீண்டும் குறும்புக்காரி என்ற வேடத்தை வர்த்தக உலகம் அவர்மீது போர்த்தியிருந்தது. இங்கே அந்தப் போர்வையைக் கழற்றி எறிகிறார். போதைக்கு அடிமையானவளின் பதற்றமும் செருக்கும், அச்செருக்குக்குள் ஒளிந்த பயமும் அக்குரலில் மாறிமாறி வருகின்றன. தன்னை மீட்க வருபவனையே சந்தேகிக்கிறாள். தூய மனம் படைத்த வீழ்ந்த பெண் என்னும் மலிவான மரபுக்கு அவர் ஒரு கணமும் இணங்கவில்லை. 1966இல் எமி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது பொருத்தமே.

எனினும் நடிப்பாற்றலை மட்டும் வியந்து நின்றுவிடலாகாது. தொடர்கதையின் உருவத்தையும் நோக்க வேண்டும். நாயகர்கள் அடுத்த வாரமும் அதே புன்னகையோடு வந்தாக வேண்டும். ஆகவே அவர்கள் மாறுவதற்கில்லை, உண்மையாக இழப்பதற்குமில்லை. துன்பம் முழுவதும் விருந்தாளியின் தலையில் விழுகிறது. கதையில் உண்மையாக வாழ்ந்தவள் அவள் ஒருத்தியே. அடுத்த வாரம் நினைக்கப்படாதவளும் அவளே. இந்தச் சுரண்டலைத் தமக்கு வாய்த்த வாய்ப்பாக ஏர்த்தா கிட் மாற்றிக்கொண்டார் என்பதே என் கருத்து. அவள் ஏன் போதைக்கு அடிமையானாள், அவ்வியாபாரத்தால் வாழ்வோர் யாவர் என்று கதை ஆழமாக வினவவில்லை. அவ்வினாவை முகத்திலே தாங்கி நிற்கிறார் நடிகை.

பின்னர் நிகழ்ந்தது எந்தக் கதாசிரியனும் எழுதத் துணியாதது. 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் ஒரு மதிய விருந்து. அங்கும் அவர் விருந்தாளிதான். இளைஞர் குற்றங்களைப் பற்றிப் பேசுவதற்கென அழைக்கப்பட்டிருந்த பெண்களிடையே, ஜனாதிபதி ஜோன்சனின் மனைவி முன்னிலையில், பிள்ளைகளை வியட்நாம் போருக்கு அனுப்புவதே இளைஞரின் கொந்தளிப்புக்குக் காரணமென்று கூறினார். அதன்பின் அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்புகள் வற்றின. பிழைப்புக்கு மீண்டும் ஐரோப்பாவை நாட வேண்டியதாயிற்று. மத்திய உளவு நிறுவனம் அவரது அந்தரங்க வாழ்வைப் பற்றிய வதந்திகளையெல்லாம் திரட்டிக் கோவை ஒன்று வைத்திருந்த செய்தியை 1975இல் ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ வெளியிட்டது.

திரையில் வந்த ஒற்றர்கள் அவளைக் காப்பாற்றவேனும் முயன்றனர்.