வெளி லைன் எந்த வழியாக வருகிறது?

பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு மேசை, ஆறு தொலைபேசி, மூன்று வெளி லைன். மூன்றும், மேசைத் தொலைபேசிகளோடு அவற்றை இணைக்கும் ஒரே கீஃபோன் பெட்டிக்குள் போகின்றன. சென்ற ஆண்டு செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபருக்கு மாறினோம். குரல் தெளிவாக இருந்தது, கட்டணமும் குறைந்தது. பிறகு ஒரு பிற்பகல் இடியோடு மழை பிடித்து மின்சாரம் போயிற்று. மூன்று லைனும் ஒரே நொடியில் அடங்கின. இரண்டரை மணி நேரத்தில் எத்தனை பேர் அழைத்து ஓய்ந்தார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

செப்புக் கம்பிக் காலத்தில் இப்படி ஆனதில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மின்கலங்கள் 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டடம் இருண்டால் கீஃபோன் பெட்டியும் நின்றுவிடும். ஆனால் அதனுள் ஒரு ரிலே ‘டக்’கென்று விழுந்து, முதல் வெளி லைனை முன்மேசைத் தொலைபேசியோடு நேராகச் சேர்த்துவிடும். அந்த ஒன்று மட்டும் மணி அடிக்கும். எங்கள் பெட்டியில் அந்த ரிலே இப்போதும் இருக்கிறது. அது சேர்த்துவைக்கும் லைனில்தான் உயிர் இல்லை. ஃபைபர் வெறும் கண்ணாடி. ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது.

தொழிலும் உறவும் காரணமாகத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் போய்வருகிறவன் நான். அந்த மழைக்குப் பிறகு, எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் கண் முதலில் தொலைபேசிப் பெட்டியைத்தான் தேடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பெட்டிக்கு இபிஏபிஎக்ஸ் என்று பெயர். சிறு அலுவலகங்களின் பழைய வழக்கம், பிஎஸ்என்எல்லிடம் மூன்று நான்கு லைன் வாங்கி ‘ஹண்டிங்’கில் போடுவது. விசிட்டிங் கார்டில் பைலட் நம்பர் ஒன்றுதான் இருக்கும். அது பேச்சில் இருந்தால் அழைப்பு அடுத்த லைனுக்குத் தாவும். கொஞ்சம் வளர்ந்தவர்கள் பிஆர்ஐ எடுப்பார்கள்: ஒரே இணைப்பில் 30 பேர் பேசலாம். இணையத்தில் வரும் குரலையும் பொதுத் தொலைபேசி லைனையும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது என்று அங்கே நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. இரண்டையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டோடு பெட்டிகள் விற்றதே அதனால்தான். அழைப்பு மையங்கள் போன்ற தொழில்களுக்கு 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் விதிகள் தளர்ந்தன.

இந்த வழக்கத்தில் ஒழுங்கு உண்டு. ஆனால் நான்கு லைனும் ஒரே நிறுவனம், ஒரே கேபிள். தெருவில் ஒரு பொக்லைன் தோண்டினால் நான்கும் போகும். இன்னொன்றும் அங்கே கற்றேன். 2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. லைன் நன்றாகவே இருக்கும். பெட்டியின் நிரலை மாற்ற ஆள் வராவிட்டால் கைப்பேசிக்கு அழைப்பு போகாது. கூப்பிட்டால் வருகிற டெக்னீஷியனும் லைனின் ஒரு பகுதிதான்.

இலங்கையில் இதே பெட்டி பிஏபிஎக்ஸ். அங்கே வழக்கம் பிறந்ததே தட்டுப்பாட்டில். கம்பி லைனுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில், 1996-இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா நிலையான தொலைபேசிக்கு உரிமம் கிடைத்தது. கொழும்பு அலுவலகங்கள் ஸ்ரீலங்கா டெலிகொம் கம்பி லைன் ஒன்று, கம்பியில்லா லைன் ஒன்று என்று வைத்துக்கொள்ளப் பழகின. சன்டெல் 2012-இல் டயலொக் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டாலும் பழக்கம் போகவில்லை. இன்று சிம் போட்ட சிறிய 4ஜி பெட்டியின் பின்புறத் தொலைபேசித் துளையிலிருந்து ஒரு வயர் பிஏபிஎக்ஸுக்குப் போகிறது. பிஏபிஎக்ஸுக்கு அதுவும் ஒரு வெளி லைன்தான்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கோபுரங்களின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? சிம்மை மட்டும் நம்பியவர்களும் தவித்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் கண்டதும் அதுதான். யாழ்ப்பாணத்தில் என் உறவினர் அலுவலகத்தில், மேசைக்கடியில் ஒரு பேட்டரியும் கையகல இன்வெர்ட்டரும் இருந்தன. ஃபைபர் பெட்டிக்கும் பிஏபிஎக்ஸுக்கும் மட்டுமே இணைப்பு. வியர்த்து வழிந்தபடி சொன்னார்: “ஃபான் நிண்டாலும் பரவாயில்லை அண்ணை, போன் நிக்கக்கூடாது.”

என் தீர்ப்பு, பினாங்குக்கு ஏற்றது இலங்கை வழக்கம். கடைத்தெருப் பகுதி 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முகப்பில் நினைத்த இடத்தில் துளையிட முடியாது. இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கினாலும் இரண்டும் அதே அஞ்சடி நடைபாதை வழியாக வந்து அதே மாடிப்படி ஓரம் ஏறும். ஒரு சுண்டெலிக்கு இரண்டும் ஒரே உணவு. ஆகவே ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம் பெட்டி ஒன்று. ஃபைபர் அடங்கினால் அழைப்பைச் சிம் எண்ணுக்குத் திருப்பிவிட நிறுவனம் ஒத்துக்கொள்கிறதா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வேகத்துக்காக அதிகப் பணம் கொட்ட வேண்டாம். ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 100 கிலோபிட் போதும். கேமராப் பதிவு இணையத்தில் ஏறும் நேரத்தில் குரல் உடையாமல் இருக்க, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னால் சரியாகிவிடும். அந்தப் பணத்தில் பேட்டரி வாங்கலாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 20 வாட் பளுவைக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தாங்கும்.

இந்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்ததும், உங்கள் அலுவலக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உங்கள் கைப்பேசியிலிருந்து அலுவலக எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள்.