நாடாவில் பதியாத அலை: தரங்கம்பாடியிலிருந்து காணொளி வரலாற்றை வாசித்தல்

காணொளிப் பதிவின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இரண்டு அங்குல நாடா, 1967இல் தோளில் தொங்கிய சோனி போர்டாபேக், 1976இல் வீட்டுக்குள் நுழைந்த விஎச்எஸ், 1995இல் உள்ளங்கைக்குள் அடங்கிய மினிடிவி என அது வளரும். கருவி சிறுத்து விலை குறையக் குறையப் பதிவுசெய்யும் ஆற்றல் எல்லார்க்கும் பரவியது என்பதே இவ்வரிசை உணர்த்தும் முடிவு. தரங்கம்பாடியை வைத்து நோக்கினால் அம்முடிவு நிற்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பும் சிதைந்தது. ஆயினும் உலகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டிய அலைக்காட்சிகளுள் பல, தாய்லாந்தின் விடுதி மாடங்களிலிருந்து சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீடியோ கேமரா அக்காலத்தில் ஸ்டுடியோக்காரரின் உடைமை. திருமணத்துக்கோ காதணி விழாவுக்கோ கூலி பேசி அழைத்தால் வரும். நாள் குறித்து நடப்பதையே அது பதிந்தது.

ஆகவே இக்கரையின் காணொளிகள் பெரிதும் அலைக்குப் பிந்தியவை: உடைந்த படகு, தற்காலிகக் குடியிருப்பு, நிவாரண வரிசை, கேமராவை நோக்கிப் பேசும் தாய். அலை இருக்க வேண்டிய இடத்தை வாய்மொழி நிரப்பவேண்டியதாயிற்று. செய்தியாளர், தொண்டு நிறுவனத்தார், ஆய்வாளர் என அடுத்தடுத்து வந்தோரிடம் ஒரே இழப்பைச் சொல்லுகையில் அச்சொல்லுக்கு ஒரு வடிவம் இறுகிவிடுகிறது. அது பொய்யாவதில்லை, கேட்டவர் விரும்பிய அளவுக்குள் அடங்கிவிடுகிறது. படகு யார் பெயரில் இருந்தது, கடன் எவ்வளவு நின்றது போன்றவை கேட்கப்பட்டாலன்றி நாடாவில் ஏறா. படத்தொகுப்போ கேள்வியை வெட்டி விடையை மட்டும் நிறுத்துகிறது. இப்பதிவுகளைச் சான்றாக ஆளும் ஆய்வுகள் அந்த வெட்டைக் கணக்கில் கொள்ளவேண்டும். (1620இல் எழுந்த டேனிஷ் கோட்டையையும் கடலரித்த மாசிலாமணிநாதர் கோயிலையும் படமெடுக்க மட்டும் கேமராக்களுக்கு என்றும் பஞ்சமில்லை.)

2018 நவம்பரில் டெல்டாவைத் தாக்கிய கஜா புயலின்போது நிலை மாறியிருந்தது. சாய்ந்த தென்னைகளைத் தோப்புக்காரர்களே கைப்பேசியில் எடுத்துப் பரப்பினர்.

பதிந்தவையேனும் நிலைக்குமா என்பது அடுத்த சிக்கல். மினிடிவி நாடாவின் அகலம் 6.35 மி.மீ.; ஈரக்காற்று அதன் காந்தப் பூச்சுக்குப் பகை. நாடாவுக்கு முன்பே அதை ஓட்டும் கருவி மறைகிறது. விஎச்எஸ் கருவிகளை நெடுங்காலம் தயாரித்த ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. சீகன்பால்கின் முயற்சியால் இவ்வூரில் 1715இல் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாட்டையும் அம்மிஷன் திரட்டிய தமிழ் ஓலைச்சுவடிகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரில் இன்றும் படிக்கலாம். 2005இல் இவ்வூரார் பேசிய நாடாக்களுக்கும் அத்தகைய காப்பு வேண்டுமெனில், எடுத்த நாள், இடம், வெட்டப்பட்ட கேள்வி ஆகியவற்றோடு அவற்றை எண்மமாக்குவதே முதற்பணி. ஒரு படி, பேசியவரின் குடும்பத்துக்குச் சேரவேண்டும்.