உடன்பிறந்தாரைத் தேடி: ஐரிஷ் புலம்பெயர்வும் அதன் வரலாற்றெழுத்தும்

காணாமல் போன கணவனைத் தேடி ஒரு பெண் கொடுத்த விளம்பரம் 1831 அக்டோபரில் பாஸ்டன் நகரின் கத்தோலிக்க வார இதழ் ஒன்றில் வெளியானது. பின்னாளில் ‘பைலட்’ என்று பெயர் மாறிய அந்த இதழ், அடுத்த தொண்ணூறு ஆண்டுகள், 1921 வரை, இத்தகைய விளம்பரங்களைத் தொடர்ந்து அச்சிட்டது. மொத்தம் நாற்பதாயிரத்துக்கும் மேல். ரூத் ஆன் ஹாரிஸ் முன்னின்று பதிப்பித்த தொகுதிகளில் இவற்றை வரிசையாகப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது, கணவன் மனைவியரைவிட உடன்பிறந்தோர்தான் அதிகம் தேடியிருக்கிறார்கள் என்பது. தம்பியை அக்கா தேடுகிறாள். அண்ணனை நேற்றுக் கப்பலிறங்கிய தம்பி தேடுகிறான். ஐரிஷ் புலம்பெயர்வைப் பற்றிய ஆய்வுகள் இந்த உறவுக்கு உரிய இடத்தை இன்னும் தரவில்லை என்பது என் எண்ணம்.

இவர்கள் எப்படித் தொலைந்தார்கள்? 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். குடும்பத்தோடு போக எல்லோரிடமும் பணம் இல்லை. மூத்தவர் ஒருவர் போய்ச் சம்பாதித்து அடுத்தவருக்குக் கப்பல் கட்டணம் அனுப்புவார். அவர் போய் அதற்கடுத்தவரை அழைப்பார். ஆனால் அமெரிக்காவில் கிடைத்ததோ கால்வாய் வெட்டும் வேலையும் ரயில் பாதை போடும் வேலையும். தண்டவாளம் நகர நகர ஆளும் நகர்ந்தான். 1848இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட அஞ்சல் உடன்படிக்கைப்படி அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ். பஞ்ச நிவாரண வேலையில் ஒரு நாள் கூலி எட்டு முதல் பத்துப் பென்ஸ். ஒரு கடிதம் போட ஒரு நாள் கூலி போதவில்லை. 1841 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் பாதிக்கும் மேலானவர்களுக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. யாரையாவது பிடித்து எழுத வைத்து, கூலியைச் செலவழித்து அனுப்பிய கடிதம், ஆள் நகர்ந்துவிட்ட முகவரிக்குப் போய்ச் சேரும். இரண்டு கடிதங்கள் இப்படி வீணானால் அண்ணன் தொலைந்து போவான்.

விளம்பரங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி. தேடப்படுபவரின் பெயர், மாவட்டம், தேவாலயப் பங்கு, சில சமயம் டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூர் வரை வரும். பிறகு கப்பலேறிய ஆண்டு, இறங்கிய துறைமுகம், கடைசியாகத் தகவல் வந்த ஊர், அப்போது செய்த வேலை. அம்மைத் தழும்பு, இழந்த விரல், தலைமுடியின் நிறம் போன்ற அடையாளங்கள் சிலவற்றில் உண்டு. தேடுபவர் பெயரும் முகவரியும் முடிவில். இன்ன நகரத்துப் பத்திரிகைகள் இதை எடுத்துப் போடவும் என்ற வேண்டுகோளும் அவ்வப்போது வரும். சுருக்க வேண்டிய இடத்திலும் பிறந்த ஊரை மட்டும் பெரும்பாலோர் விட்டுவிடவில்லை. ஒரே பெயரில் நூறு பேர் இருந்த நாட்டில், ஆளை அடையாளம் காட்டியது ஊர்தான்.

அந்தப் பிடிவாதத்தால் இன்றைய ஆய்வாளருக்குப் பெரிய ஆதாயம். 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. கத்தோலிக்கர்களின் பிறப்பு இறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864இல்தான். பஞ்ச காலத்து ஏழை ஒருவர் எந்தச் சிற்றூரில் பிறந்தார் என்பதற்கு, பங்குப் பதிவேட்டை விட்டால், பாஸ்டனில் அவர் தங்கை கொடுத்த விளம்பரமே சாட்சி என்ற நிலை பல குடும்பங்களுக்கு உண்டு.

கடிதங்களை வைத்து எழுதப்பட்ட ஆய்வு தனி ஓடை. ஆர்னால்ட் ஷ்ரையர் 1958இல் தந்த நூல் அதற்கு வழி திறந்தது. கெர்பி மில்லர் ஆயிரக்கணக்கான கடிதங்களைத் திரட்டி, 1985இல், ஐரிஷ் மக்கள் புலம்பெயர்வை நாடுகடத்தலாகவே உணர்ந்தார்கள் என்று வாதிட்டார். டொனால்ட் ஏகன்சன் போன்றோர் அதை மறுத்தார்கள். அந்த விவாதம் முழுக்க நாட்டைப் பிரிந்த துயரத்தைப் பற்றியது. அக்காவைப் பிரிந்த துயரம் அதில் துணைச் செய்தியாகவே நின்றது. டேவிட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1994இல் ஆஸ்திரேலியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையே போய்வந்த 111 கடிதங்களை முழுமையாகப் பதிப்பித்தபோதுதான், இரு கரையின் குரலும் ஒரே நூலில் கேட்டது. இத்துறையில் ஒரே ஒரு நூலைப் படிக்க நேரமிருப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஆஸ்திரேலியா அமெரிக்காவைவிடத் தொலைவு. பிரிவும் அதிகக் கொடுமை. 1848 முதல் 1850 வரை, பிரிட்டனின் காலனிகள் அமைச்சர் ஏர்ல் கிரே வகுத்த திட்டத்தில், அயர்லாந்தின் ஏழையர் விடுதிகளிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பெண்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் பதினான்கு முதல் இருபது வயது. ஒரே கப்பலில் வந்த அக்கா தங்கைகள்கூட வெவ்வேறு எஜமானர் வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் அரசிடம் 1853 முதல் ஒரு பதிவேடு உண்டு: குடியேறியவர் முன்பணம் கட்டி, அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினரை அன்று வரவழைக்க முடிந்தது. கட்டியவர் பெயர், தொகை, வரவேண்டியவர் பெயர், அவர் வசிக்கும் ஊர், அவரை அறிந்த பாதிரியார் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் எனப் பத்திகள் நீளும். விளம்பரங்கள் தேடலைச் சொல்கின்றன. இந்தப் பதிவேடு, கண்டுபிடித்த பிறகு கைக்காசைப் போட்டு அழைத்ததைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பது வருங்கால ஆய்வின் வேலை.

இரு கண்டங்களையும் தன் வாழ்விலேயே இணைத்தவர் ஒருவர் ‘பைலட்’ ஆசிரியராகவே இருந்தார். அயர்லாந்து விடுதலைக்குப் போராடிய ஃபீனியன் இயக்கத்தவரான ஜான் பாயில் ஓ’ரைலி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதியாக நாடுகடத்தப்பட்டு, 1869இல் ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலில் தப்பி, பாஸ்டன் வந்து அடுத்த ஆண்டே அந்த இதழில் சேர்ந்தார்.

அதே நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர், தெலுங்கரின் கதையை இதனோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியலில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. ஆனால் அது அதிகாரி கேட்டுக் குறித்துக்கொண்ட விவரம். ஒப்பந்தக் கூலிகள் தாமே சொன்ன சொல்லை மரினா கார்ட்டர் 1996இல் மொரீஷியஸ் மனுக்களிலும் வாக்குமூலங்களிலும் கடிதங்களிலும் தேடியெடுத்தார். ஐரிஷ் ஏழைக்கு இருந்தது போல் அண்ணனைத் தேட ஒரு வாரப்பத்திரிகை இவர்களுக்கு இருக்கவில்லை.

சர்வதேச அஞ்சல் ஒன்றியம் அமைந்த பின், 1875இல், அட்லாண்டிக் கடிதத்துக்கு இரண்டரைப் பென்ஸ் போதுமானது. அதன்பிறகு தொலைந்துபோவதற்குக் காரணம் பணமில்லாமை மட்டும் அல்ல. சிலர் வேண்டுமென்றே எழுதவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கடிதங்களில் கண்ணீரோடு கணக்கும் வருகிறது: ஊரில் தங்கிவிட்ட தங்கை அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாளா, குத்தகை நிலம் யாருக்கு, அனுப்பிய பணத்தில் எவ்வளவு வாடகைக்குப் போயிற்று, அடுத்த ஆண்டு யாரை அழைப்பது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஊரில் இருந்த தங்கை எழுதிய பதில்கள் அரிதாகவே கிடைக்கின்றன. கால்வாய்க் கரையிலும் ஆட்டுப் பண்ணையிலும் வாழ்ந்த அண்ணனிடம் அவற்றைப் பத்திரப்படுத்த ஒரு பெட்டிகூட இருந்திருக்காது.