கணக்கில் வராத வயிறு

சூதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒழுக்கத்தில் தொடங்கி ஒழுக்கத்திலேயே முடித்துவிடுகின்றனர். வள்ளுவர் அவ்வாறு செய்தாரல்லர். சூது என்னும் அதிகாரத்தை அவர் பொருட்பாலில் வைத்தார். ஒன்றைப் பெற்று நூற்றை இழக்கும் கணக்கை அங்கே காட்டினார். சூதாடியைச் சேராதவை எவையெனக் கூறுமிடத்து, செல்வம், புகழ், கல்வி ஆகியவற்றோடு உடையையும் ஊணையும் சேர்த்தே எண்ணினார். உடையும் ஊணும் அன்றாடச் செலவுகள். ஆட்டத்தின் கணக்கில் அடுப்பின் கணக்கையும் எழுதிய அந்தப் பார்வை, பின்வந்த பெருங் கணித அறிஞர் பலரிடத்தும் காணப்படாதது.

1962இல் எட்வர்ட் தோர்ப் என்னும் அமெரிக்கக் கணித ஆசிரியர் ‘பீட் த டீலர்’ என்ற நூலை வெளியிட்டார். இருபத்தொன்று எனவும் பிளாக்ஜாக் எனவும் வழங்கும் சீட்டாட்டத்தில், ஏற்கெனவே வெளிவந்த சீட்டுகளை நினைவிற் கொண்டால் எஞ்சிய கட்டின் தன்மையை அறியலாம். சிறிய எண்கள் கழிந்து பத்துகளும் ஆசுகளும் மிகுந்து நிற்கும்போது பந்தயத்தை உயர்த்துபவன், கசினோ முதலாளியை விடச் சற்றே மேலான நிலையை அடைகிறான். நூலின் சாரம் இதுதான். இதனை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தலைவிதி என்று கருதப்பட்ட ஒன்றை எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாக அந்நூல் மாற்றியது. பகுத்தறிவின் பக்கம் நிற்போர் இதற்கு நன்றி பாராட்டவே வேண்டும்.

ஆயின், இத்துறையில் வழங்கும் அழிவுக் கணக்கைப் பார்க்கும்போதுதான் ஐயம் பிறக்கிறது. சராசரியில் வெல்பவனும் இடையில் நேரும் தொடர் தோல்விகளால் முதலனைத்தையும் இழந்துவிடலாம். அதற்குரிய வாய்ப்பை அளக்கும் வாய்பாடு மூன்றையே கேட்கிறது: கையிலுள்ள முதல், சராசரி வெற்றி, ஏற்றத்தாழ்வின் அளவு. உதாரணமாக, ஒருவனது முதல் 6,00,000 ரூபா. மணிக்குச் சராசரி வெற்றி 1,000 ரூபா. மணிக்கு ஏற்றத்தாழ்வு, அதாவது நியம விலகல், 20,000 ரூபா என்று கொள்வோம். அவன் அழியும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 5.

இனி அவனுக்கும் வயிறு உண்டென்று ஒப்புக்கொள்வோம். உணவு, அறை வாடகை, பஸ் கட்டணம், கசினோவின் நுழைவு வரி (இலங்கைக் குடிமக்களுக்கு இதனை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தும் சட்டமூலம் 2025இல் வந்தது) எல்லாவற்றையும் கூட்டி, அவன் ஆடும் மணித்தியாலங்களால் வகுத்தால் மணிக்கு 500 ரூபா ஆகிறதென்க. அது அந்த முதலிலிருந்தே போகுமாயின் மெய்யான வெற்றி 500 ரூபாவே. செலவு வெற்றியிற் பாதியைத் தின்றது; ஆகவே அபாயம் இரு மடங்காகி 10 ஆகும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறன்று; அது 22க்கு மேல் ஏறுகிறது. செலவு 800 ஆனால் ஏறத்தாழ 55. செலவு 1,000 ஆனால், எத்துணைத் திறமையாக எண்ணினாலும், காலம் நீள நீள அழிவு நிச்சயம். அவன் தூங்கும் வேளையிலும் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

அதே திறமையும் அதே முதலும் உடைய இன்னொருவன், செலவை மாதச் சம்பளத்திலிருந்து கொடுப்பானாயின், அவனுக்கு அபாயம் 5 ஆகவே நிற்கிறது. இருவரையும் பிரிப்பது மூளையன்று, சோறு எங்கிருந்து வருகிறது என்பதே. தோர்ப் 1961இல் நெவாடாவில் தம் முறையைச் சோதித்தபோது ஆடிய 10,000 டொலர் இரு செல்வந்தர்கள் கொடுத்தது. அவருடைய வீட்டு அடுப்போ பல்கலைக்கழகச் சம்பளத்தில் எரிந்தது. அவர் வென்றதில் குறை காண்பதற்கில்லை. அந்த வெற்றியை எவரும் பின்பற்றத்தக்க வழியென்று நம்பும் வாசகனே இரங்கத்தக்கவன்.

நம் நளன் கதையும் இதையே சொல்கிறது. புகழேந்தியின் வெண்பாவால் நாம் நன்கறிந்த அக்கதையை வியாசரிடத்துச் சென்று பார்த்தால், இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். தேரோட்டியாக வந்த நளனுக்குச் சூதின் நுட்பத்தைக் கற்பிக்கிறான். எண்ணும் கலைக்கும் சூதுக்கும் உள்ள உறவை நம்மவர் அத்துணைப் பழங்காலத்திலேயே கண்டிருந்தனர். ஆனால் நளன் அந்தக் கலையைக் கற்றது பிறர் வீட்டுச் சோற்றை உண்டுகொண்டு. மீண்டும் புட்கரனோடு ஆடச் சென்றபோது மாமனார் நாட்டிலிருந்து ஒரு தேர், பதினாறு யானை, ஐம்பது குதிரை, அறுநூறு காலாட்கள் உடன் வந்தன. ஆட்டமும் ஒரே வீச்சில் முடிந்தது. செலவு அரிப்பதற்கு நேரமே இல்லை. கதையை உபதேசமாக்குவோர் கலியின் நீக்கத்தைப் பேசுகின்றனர். மாமனாரின் யானைகளைப் பேசுவாரில்லை.

முதலாளித்துவம் தன் செலவை ஒருபோதும் மறந்ததில்லை. 1903இல் சுவீடனின் பிலிப் லுண்ட்பர்க் காப்புறுதிக் கம்பனியின் அழிவைப் பற்றிய கோட்பாட்டைத் தொடங்கிவைத்தார். அக்கம்பனிகள் நிருவாகச் செலவைக் கட்டணத்தின் மீது ஏற்றியே வாங்குகின்றன. அங்கே வரவு நிலையானது, இழப்பே தற்செயலானது. தொழிலாளியின் வீட்டில் இது தலைகீழ்: செலவு நிலையானது, வரவே தற்செயலானது.

மாவனல்லையைச் சூழ்ந்த கேகாலை மாவட்டத்தில் இறப்பர்த் தோட்டங்கள் மிகுதி. விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. பேர் இல்லை, கூலியும் இல்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியில், சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழித்தால் கையில் 1,242. மாதம் 20 நாள் வேலையெனில் 24,840 ரூபா. வீட்டுச் செலவு நாளுக்கு 800 வீதம் 30 நாளுக்கு 24,000 என்று வைத்துப் பார்ப்போம், எஞ்சுவது 840. இரண்டே நாள் மழையில் போனால் வரவு 22,356, குறைவு 1,644. இரண்டு நல்ல மாதங்களின் மீதியை ஒரு மழை மாதம் ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. இங்கே சீட்டும் இல்லை, தாயமும் இல்லை.

இந்த மக்களின் மூதாதையர் தம் கணக்கைப் பூச்சியத்திலிருந்தும் தொடங்கியவரல்லர். கடல் கடந்து வந்த செலவே கங்காணியிடம் முன்பணக் கடனாக நின்றது. கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ அவர்களோடு தோட்டத்துக்குத் தோட்டம் சென்றது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் மலையக வாழ்வைப் பாடும் கதைகள் சிலவற்றில் ஒரு குடும்பம் நொடிந்தால் தகப்பனின் கையில் சீட்டுக்கட்டையோ சாராயப் போத்தலையோ கொடுத்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. அவை லயத்தில் இல்லையென்று நாம் சொல்லவில்லை. சீட்டுக்கட்டைக் காட்டும் ஆசிரியர், அந்த மாதம் எத்தனை நாள் மழை பெய்தது, எத்தனை பேர் விழுந்தது, கடைக்காரரின் கொப்பியில் என்ன பாக்கி நின்றது என்பவற்றையும் காட்ட வேண்டுமென்றே கேட்கிறோம். பாத்திரம் சூதாடுவதற்கு முன்பே அழிந்துகொண்டிருந்ததா, சூதாடியதால் அழிந்ததா என்பதை வாசகன் அப்போதுதான் தீர்மானிக்க முடியும்.