இரவற் குரலும் சொந்த உதடும்: கரைத்தீவுக் காட்சித் துண்டொன்றை முன்வைத்து

கையடக்கத் தொலைபேசியிலே இளைஞர் தாமே படமாக்கிக்கொள்ளும் வாயசைப்புக் காட்சிகளை ஆய்விதழொன்றில் எடுத்துப் பேசுவது சிலருக்கு முகச்சுளிப்பை ஏற்படுத்தக்கூடும். நாட்டார் பாடலும் கூத்தும் ஆய்வுக்குரியனவல்ல என்று பண்டித மரபினர் கருதிய காலமும் ஒன்றிருந்தது என்பதை நினைவிற் கொண்டால் அச்சுளிப்பு நீங்கும்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது புத்தள மாவட்டத்துக் கரைத்தீவிலே எடுக்கப்பட்ட ஒரு துண்டினை. (விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு கீழ்மாகாணத்தது. 1947இல் யாழ்நூலைத் தந்தவரின் ஊரோடு இதனை மயங்குதல் வேண்டா.) ஒரு நிமிடத்துக்கும் குறைந்த அளவினது. கரையேற்றப்பட்ட வள்ளமொன்றின் அணியத்தில் அமர்ந்த இளைஞர் ஒருவர் தென்னிந்தியத் திரைப்பாடலொன்றுக்கு வாயசைக்கிறார். சொல் பிசகவில்லை; மூச்செடுக்கும் இடமும் பிசகவில்லை. இடையிசை தொடங்கியதும் அவர் தலையைத் திருப்பி, சட்டகத்துக்கு வெளியே நிற்கும் யாருக்கோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். வாயசைவு தெரிகின்றது, சொல் கேட்கவில்லை. அத்துண்டிலே அவர் சொந்தமாகப் பேசியது அவ்வளவே. அதுவும் நமக்கு எட்டவில்லை.

இதனைத் தற்செயலான குறையென்று தள்ளிவிட முடியாது. இவ்வகைக் காட்சி உருவாகும் முறையிலேயே இது பொதிந்துள்ளது. செயலியில் முன்னரே பதிவான பாடற்கோப்பு ஓடும். அதன்மேற் படம் பொருத்தப்படும். ஒலிவாங்கிக்கு அங்கு வேலையில்லை. ஆகவே கரையின் காற்றும், இயந்திரப் படகின் இரைச்சலும், அயலாரின் பேச்சும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன. வள்ளமும் களப்பும் கண்ணுக்கு உண்டு, செவிக்கு இல்லை. ஊர் வெறும் பின்திரையாகி விடுகின்றது.

இவ்விடத்திலே பின்னணிப் பாடலின் வரலாற்றைச் சற்று நோக்குதல் பொருத்தமாகும். 1931இல் தமிழ்ப் பேசும்படம் தோன்றிய வேளையில் நடிகரே பாடினர். வாத்தியக்காரர் புதர் மறைவில் அமர்ந்து அதே வேளையில் வாசித்தனர். 1938இல் வெளியான நந்தகுமாரிலே லலிதா வெங்கட்ராமன் பிறிதொரு நடிகைக்குக் குரல் கொடுத்தார். 1945இன் ஸ்ரீவள்ளி இன்னும் கருதத்தக்கது. கதாநாயகி ருக்மிணியின் பாட்டு மெய்யப்பச் செட்டியாருக்கு நிறைவளிக்கவில்லை. படம் பிடித்தபின் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. அன்று பாடகி உதட்டைப் பார்த்துப் பாட வேண்டியிருந்தது. பின்னர் முறை தலைகீழாயிற்று. பாடல் முதலிற் பதிவாகும். நடிகர் ஒலிபெருக்கியைக் கேட்டு உதட்டை அசைப்பார். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. படச்சுருளோ வினாடிக்கு 24 சட்டகம் ஓடுவது. ஒலிபெருக்கியிலிருந்து 14 மீற்றர் தள்ளி நின்ற நடிகரின் உதடு ஒரு சட்டகம் பிந்திவிடும். படப்பிடிப்புத் தளத்திலே தனித் தொழிலாளர் கவனித்த இந்நுணுக்கத்தைக் கரைத்தீவு இளைஞர் தொலைபேசியை முழங்கையளவு தூரத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்கிறார். நடிகர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர் என்ற வேலைப்பிரிவினை முழுவதும் ஒருவரிடத்தே வந்து சேர்ந்துள்ளது. சேராதது குரல் ஒன்றே.

முற்போக்கு விமரிசகர் இத்தகையவற்றை நுகர்வுப் பண்பாட்டின் மலிந்த சரக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது விளக்கமாகாது. இரவற் குரலுக்கு உடலை ஒப்புக்கொடுத்தல் இக்கரையோரத்துக்குப் புதியதன்று. இதே மாவட்டத்து உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். கால் ஊன்றுவதும் கயிறு பின்வாங்குவதும் அவர் குரலுக்கு அமைந்தே நிகழும். அங்கும் தனியொருவரின் உடல் தனதல்லாத தாளத்துக்குக் கட்டுப்படுகின்றது. வேறுபாடு எங்குளதெனில், அம்பாவை எடுத்துக்கொடுப்பவர் வலையின் பாரத்தை உணர்கின்றார். பாரம் கூடினால் பாட்டைத் தாழ்த்துவார், ஆள் சோர்ந்தால் ஒரு கேலியைச் செருகுவார். தொழில் பாட்டைத் திருத்தவல்லது. செயலியிற் பதிவான பாட்டை எந்த உடலும் திருத்த முடியாது. அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்குப் பதிலிறுக்க முடியாது.

எனினும் அவ்விளைஞரின் திறனைக் குறைத்து மதிப்பிட நாம் உடன்படவில்லை. நல்ல குரல் என்பது பயிற்சி, ஓய்வு, கருவி என்பவற்றோடு பிணைந்தது. அவை எல்லார்க்கும் கிட்டுவனவல்ல. டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் வேறுபடுத்திப் பாடிய அதே குரலைத் தன் உதட்டில் ஏற்றிப் பார்க்கும் கடலோடி ஒருவர் நட்சத்திரத்தின் இடத்திலே தம்மை அமர்த்துகின்றார். நட்சத்திரமும் இரவற் குரலிலேதான் பாடினார் என்பதை அச்செயல் வெளிப்படுத்திவிடுகின்றது. திரைக்குள் நடிகரும் பாடகரும் ஒருவரே என நம்பவைத்த மாயை இங்கு உடைகின்றது, உடைப்பவர் கோட்பாட்டாளரல்லர். தன் குரல் பொதுவிற் கேட்பது தகாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணொருத்திக்கும் வாயசைப்பு ஒரு வழியைத் திறக்கலாம். அவள் பாடவில்லை, ஆயினும் பாட்டுக்குள் நிற்கிறாள். அதனை விடுதலையென்று கொள்ள நாம் தயங்குகின்றோம், அடிமைத்தனம் என்று சொல்லவும் நா எழவில்லை.

நம்மைக் கவலைக்குள்ளாக்குவது மொழியாகும். புத்தளக் கரையோரத்திலே பல தமிழ்கள் வழங்குகின்றன. பழங்குடிகளின் பேச்சு ஒன்று. 1990 ஒக்ரோபரிலே விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கொண்டுவந்த மன்னார், யாழ்ப்பாணப் பேச்சுகள் வேறு. இவையெவற்றுக்கும் வாயசைக்கத்தக்க பதிவு அருமை. கோடம்பாக்கத்து உச்சரிப்புக்கே இவ்வுதடுகள் பழகுகின்றன. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 2020 யூன் 29ஆந் திகதி இந்திய அரசு டிக்டொக் செயலியைத் தடைசெய்தது. அதன்பின், பாட்டுப் பிறந்த நாட்டார் அச்செயலியை இழந்திருக்க, அப்பாட்டுகளுக்கு அங்கே வாயசைத்தோருள் இலங்கைத் தமிழ் பேசுவோரும் இருந்தனர்.

அதே இளைஞர் பின்னர் எடுத்த மற்றொரு துண்டும் நம் பார்வைக்குக் கிடைத்தது. அதிலே ஒலிவாங்கி திறந்திருக்கின்றது. முந்திய பாட்டையே சொந்தக் குரலிற் பாடுகின்றார். காற்று பாதிச் சொற்களை விழுங்குகின்றது. சுருதி இரண்டிடத்தில் நழுவுகின்றது. மூன்றாம் அடியில் ஒரு சொல்லை மாற்றிப் பாட, சட்டகத்துக்கு வெளியிலிருந்து யாரோ திருத்துகிறார். "அப்படித்தான் இங்க பாடுற" என்று இவர் மறுமொழி சொல்லி, மாற்றிய சொல்லையே மீண்டும் பாடுகின்றார்.