கவாத்தும் பிடுங்கலும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்துச் செய்வர். கிளை போகும், அடித்தண்டு நிற்கும், மீண்டும் கொழுந்து விடும். செடியைப் பிடுங்கி எறிவது வேறு. இணைய விளையாட்டுகளை ஆக்குவோரிடம் நெடுநாள் ஆட்டக்காரர் வேண்டுவதும் இவ்வேறுபாட்டை உணரும் அறிவையே.

கேம்பிரிட்ஜ் நகரின் ஜாகெக்ஸ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'ரூன்ஸ்கேப்' இதற்குத் தக்க சான்று. 2012 நவம்பரில் அதன் போர்முறையை அடியோடு மாற்றினர். பழைய முறை சலித்திருந்தது என்பதை நானும் ஒப்புவேன். ஆயினும், ஆண்டுக்கணக்கில் பழகிய கைத்திறன் ஒரே நாளில் பொருளற்றதாயிற்று, பலர் விலகினர். 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, 2007ஆம் ஆண்டு வடிவத்தையே தனி விளையாட்டாகத் திருப்பித் தந்தனர். புதிய சேர்க்கைகளுக்கு 75 விழுக்காட்டு இசைவு வேண்டும் என்ற விதியும் பிறந்தது. பின்னாளில் அது 70 ஆயிற்று.

இதனைப் பழைமைப் பற்று என எள்ளுவோர் உளர். அன்று. அப்பழைய வடிவில் புதிய நிலப்பரப்புகள் எத்தனையோ சேர்ந்தன. ஆட்டக்காரரே வாக்களித்து ஏற்றனர். அவர்கள் வெறுத்தது புதுமையை அன்று, கேளாமையை. குறையும் உண்டு: பெரும்பான்மைக்கு அஞ்சும் படைப்பாளி துணிவிழப்பான். கப்பலோட்டத் திறன் 2015இல் வாக்கில் தோற்றது, 2023இல்தான் வென்றது.